அதே நூலின் வேறு பிரதி

எங்கள் ஏழுமதகு கிளை நூலகத்தில் இரண்டு லட்சம் புத்தகங்கள் இருந்தன. சரி, இருபதாயிரம். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கும் என் மனைவி தையல்நாயகி முறைப்பதால் பதினோராயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. ஊரிலேயே முழுசாகப் படித்த ஒரே வாசகர் அதுதான்.

நான் மருதையன். முப்பத்து நான்கு வருடம் ஏழுமதகு பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். மைக்கைப் பிடித்து நான் "திருச்சி, திருச்சி, இடையில் நிற்காது" என்று சொன்னால், திருச்சியில் தூங்கிக்கொண்டிருப்பவன் எழுந்து உட்காருவான். பெருக்கிச் சொல்வது எனக்குத் தொழிலில் வந்த வியாதி. கழித்துச் சொல்வது தையலின் வீட்டு வேலை. கல்யாணத்துக்கு நானூறு பேர் என்று நான் வாசலில் சொன்னால், சமையலறையிலிருந்து "நாப்பது" என்று குரல் வரும். ஆள் உயரப் பாம்பைப் பார்த்தேன் என்றால், "அது கயிறு" என்பாள். ஒருமுறை எனக்கு நூற்றாறு டிகிரி காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எந்திரிச்சுப் போயிக் குளிங்க" என்றாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கதையில் மட்டும் எதையுமே கழித்ததில்லை. அல்லி கதை.

அல்லி எங்கள் மகள். ஒரே மகள். ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்தொரு வருடம் ஆகிறது. கதை இதுதான்: ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். தையல் பிள்ளையை டைம் ஆபீசில் என்னிடம் விட்டுவிட்டு எதிரே இருக்கும் சந்தைக்குப் போய்விட்டாள். நான் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், குட்டிச்சாத்தான் ஸ்டூல்மேல் ஏறி மைக்கைப் பிடித்துவிட்டது. "நிலாவுக்குப் போற வண்டி நாலாம் நம்பர்ல நிக்குது! வழி துறையூர், பச்சைமலை, மேகம்!" அவ்வளவுதான். பதினாலு பேருந்து அப்படியே நின்றன. ஒரு கண்டக்டர் விசிலை விழுங்கிவிட்டார். கோழிக்கூடையோடு ஒரு அம்மாள் நாலாம் நம்பரில் போய் நின்றுகொண்டு, "நெலாவுக்குக் கோழிக்கு லக்கேஜ் உண்டா?" என்று கேட்டாள். கிளை மேலாளர் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்து, சுவரில் விரிசல் விட்டது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் தையல் முதல் தடவை கேட்பவளைப் போல, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கேட்பாள். அவளுக்கும் பெருமைதானே என்று நினைத்துக்கொள்வேன்.

படமெல்லாம் கேட்காதீர்கள். போனில் நிறைய எடுத்து வைத்திருந்தோம். எல்லாம் இணைய மேகத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். மேகம்தானே, கலைந்துவிட்டது. மிஞ்சியது பள்ளிக்கூட அடையாள அட்டை ஒன்று. அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

சரி, நூலகத்துக்கு வருவோம். எங்கள் நூலகத்தைப் போல உலகத்தில், குறைந்தபட்சம் வட்டத்தில், வேறு கிடையாது. திங்கட்கிழமை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். புதன்கிழமை ஆதார் திருத்தம். சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை நேரம். ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டம். தினசரி ஒன்றை எட்டுத் தாளாகப் பிரித்து எட்டுப் பேர் படிப்போம். அரசியலை ஒருவர் முடிக்கும்வரை விளையாட்டுக்காரர் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தும் புத்தகத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதனால்தான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நூலக வார விழாவில் அந்தப் புதிய பிரிவைத் திறந்தார்கள். கலைக்களஞ்சியங்கள் இருந்த அறையைக் காலிசெய்து, வாசலில் பலகை மாட்டினார்கள்: நினைவு இரவல் பிரிவு.

அந்த விழாவுக்குத் தையல் போயிருந்தாள். நான் பணியில் இருந்தேன். திரும்பி வந்தவள் கையில் எவர்சில்வர் கிண்ணம். புள்ளி புள்ளியாக "நூலக வார விழா" என்று வெட்டியிருந்தது. "கோலப் போட்டி" என்றாள். நானூறு பேரில் முதல் பரிசு என்று ஊரெல்லாம் சொன்னேன். அதையும் அவள் கழிக்கவில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன், அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அந்தக் கிண்ணத்தில்தான் தினமும் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்ற மறுவாரம் நானே அந்தப் பிரிவுக்குப் போனேன். நூலகர் பிலோமினா அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார்.

"தலையில மாட்டுறீங்களே, வலிக்குமாம்மா?"

"சலூன்ல முடி உலத்துற மெஷின் மாதிரிதான் சார்."

"எனக்கு உலத்த எங்கம்மா முடி இருக்கு?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். "உங்க ஞாபகத்தைப் பட்டியல்ல சேத்துக்குவோம். யாராவது கேட்டா, உங்க தலையிலேருந்து எடுத்து அவங்க தலைக்கு ஏத்துவோம். அந்தப் பதினஞ்சு நாளும் அது உங்ககிட்ட இருக்காது. தலைப்பு மட்டும் தெரியும். அவங்க திருப்பிக் குடுத்ததும் உங்களுக்கே வந்துடும், அவங்ககிட்ட மிஞ்சாது."

"ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டா?"

"எடுத்துப் பாத்தாங்க சார். ரெண்டுமே வெளுத்துப் போச்சாம். ஒரு சமயத்துல ஒரு எடத்துலதான் அதுக்கு உசிரு." பிறகு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "நன்கொடைன்னும் ஒண்ணு இருக்கு. ஒரேயடியா குடுத்துடுறது. அதைப் புளியங்கொட்டை மாதிரி ஒரு மணியில அடைச்சு அலமாரியில வச்சுடுவோம். திரும்பக் கேக்க முடியாது. தாங்க முடியாததை அப்படிக் குடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க."

"நமக்கெதுக்கும்மா அது! நான் எல்லாத்தையும் தாங்குவேன்" என்றேன்.

அடடா, அந்தப் பிரிவில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! நாலு தடவை குரூப் தேர்வில் தோற்ற பெண் ஒருத்தி, வேறொருவர் வேலை உத்தரவு வாங்கிய நாளை இரவல் வாங்கிப்போனாள். பதினைந்து நாள் அப்படி ஒரு நடை, அப்படி ஒரு மிதப்பு. திருப்பிக் கொடுத்த மறுநாள் புத்தகத்தைத் தொடவில்லை. மறுபடியும் வரிசையில் நின்றாள். தகப்பன் முகம் தெரியாத ஒருவர், அடுத்தவரின் தகப்பன் திட்டிய நாளை மூன்று முறை புதுப்பித்தார். நூலகப் புத்தகத்தில் ஓரத்தில் கிறுக்குவார்களே, அந்தப் புத்தி இதிலும் போகவில்லை. என் நினைவு ஒன்று திரும்பி வந்தபோது அதில் யாரோ தடவிய தைல வாசனை இருந்தது. இன்னொன்றில் நான் சிரித்த இடத்தில் இப்போது எனக்கு அழுகை வருகிறது. யார் கோடு போட்டார்களோ!

இன்னொன்றும் நடந்தது. டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. "அன்னிக்கு என்னாச்சு தெரியுமா" என்று எவனாவது ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவன், "நூலகத்துல இருக்குல்ல, எடுத்துப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் தடவினான். ஊரில் சும்மா கதை சொல்லும் கடைசி ஆள் நான்தான். சும்மா கேட்கும் கடைசி ஆள் தையல்.

எனக்கு அது போதவில்லை. அங்கேதான் வினை. நூலக வாசலில் "இம்மாதம் அதிகம் இரவல் போனவை" என்று ஒரு பலகை. ஏழு மாதமாக முதலிடத்தில் கோதண்டம். ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். அவருடைய "குற்றாலத்தில் குளித்தது". அதில் அருவி தவிர ஒன்றுமே கிடையாது!

"என்னய்யா மைக்செட்டு, மூணாவது எடத்துலயே குடியிருக்கே?" என்று வாசகர் வட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"பொறு வாத்தியாரே. ஒன் அருவி வத்தப்போவுது."

அன்றைக்கே போய் அல்லியைக் கொடுத்தேன். அந்த ஒரு நாளைத்தான். "மைக்கில் அல்லி" என்று தலைப்பு வைத்தேன். பட்டியல் அட்டையில் உடன் இருந்தவர்கள் என்ற கட்டத்தில், "மனைவி, எதிர்ச் சந்தையில், ஒலிபெருக்கி கேட்கும் தூரம்" என்று எழுதினேன். அடுத்த மாதம் பலகையில் முதலிடம். கோதண்டம் இரண்டு வாரம் நூலகப் பக்கமே வரவில்லை. நான் போகிற வருகிறவர்களை எல்லாம் இழுத்து வந்து பலகையைக் காட்டினேன்.

சொல்ல மறந்துவிட்டேன். அல்லியைப் பற்றி என்னிடம் தெளிவாக இருந்ததே இரண்டு நாட்கள்தான். மற்றதெல்லாம் முப்பது வருடத்தில் கரைந்து, சட்டை நிறம், தலைப்பின்னல் என்று துண்டு துண்டாகப் போய்விட்டது. இரண்டாவது நாள், ஆஸ்பத்திரி வராண்டா. ஒரு வீம்புக்கு அதையும் பட்டியலில் சேர்த்தேன். ஐந்து வருடமாக அதை ஒரு ஆளும் கேட்கவில்லை. கிறுக்கல் இல்லை, கிழிசல் இல்லை, புத்தம் புதிதாக என்னிடமே இருக்கிறது.

சவரிமுத்து என்று ஒரு லாரி டிரைவர். எழுபது வயது, கல்யாணம் ஆகவில்லை, ஈரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். நடக்க முடியாதவர்களுக்கு "வீடு தேடி நூலகம்" என்று ஒரு சேவை உண்டு. பிலோமினா ஸ்கூட்டரில் மெஷினை வைத்துக்கொண்டு போய்ப் பட்டியலைப் படித்துக் காட்டியிருக்கிறார். "புள்ளை இருக்கிற மாதிரி ஏதாச்சும் குடும்மா" என்றாராம் அவர். "மைக்கில் அல்லி" அவர் தலைக்குப் போனது.

பதினோராம் நாள் செத்துப்போனார்.

எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். போனேன். பிலோமினா "மைக்கில் அல்லி" அட்டையை மேசையில் வைத்தார். அதன்மேல் சிவப்பு முத்திரை: தொலைந்தது.

"அவரு தலையிலேயே போயிருச்சு சார்."

"எரிச்சுட்டாங்களா?"

"அவங்க கிறிஸ்தவங்க சார். அடக்கம் பண்ணியாச்சு."

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. தோண்டி—"

"சார்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் தேடிப் பார்த்தேன். ஸ்டூல், மைக், கோழிக்கூடை, பதினாலு பேருந்து என்று வார்த்தை எல்லாம் வரிசையாக இருந்தது. ஆயிரம் தடவை சொன்ன வாயாயிற்றே. ஆனால், சொன்னதுதான் நினைவிருந்தது. பார்த்தது இல்லை. ஸ்டூலின்மேல் முகம் இல்லை. முகம் என்று ஒன்றை வரவழைத்தால் வராண்டாவில் இருந்த முகம்தான் வந்தது.

"இதுக்கு விதி என்னம்மா?"

அவர் தயங்கித் தயங்கி விதிப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். "இரவல் பெற்ற நூல் தொலைந்தால், அதே நூலின் வேறு பிரதி ஒன்றை ஈடாக அளிக்க வேண்டும்." மூடி வைத்தார். "புஸ்தகத்துக்கு எழுதினது சார். யாரும் யோசிக்காம அப்படியே இதுக்கும் ஒட்டிட்டாங்க. ஒரு நாளுக்கு எங்கே சார் வேற பிரதி?"

நான் அட்டையைத் திருப்பினேன். உடன் இருந்தவர்கள்.

"இருக்கும்மா" என்றேன். "எங்க வீட்டுல இருக்கு."

வீட்டுக்கு ஓடினேன். அறுபத்தைந்து வயதில் ஓடினேன் என்றால் நம்ப மாட்டீர்கள், தையலும் நம்பவில்லை. கிண்ணத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கோதண்டத்தோடு போட்டி போட்டதுவரை சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"நீ எதிர்த்தாப்புல சந்தையிலதானே இருந்தே. நீயும் கேட்டிருப்பே. திரும்ப வந்து அவளைப் பாத்திருப்பே. உன் பிரதியை எனக்குக் குடு தையலு. அது சுத்தமான பிரதியா இருக்கும். நீதான் எதையும் கூட்ட மாட்டியே."

அவள் ஊறுகாய்க் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"குடுத்தா உன்கிட்ட இல்லாமப் போயிடும். அதையும் சொல்லிடுறேன்."

"அதனால என்ன. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை போவோம்" என்றாள்.

அந்த நான்கு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. அவளுடைய அல்லி எப்படி இருப்பாள் என்று யோசித்து யோசித்துச் சிரித்தேன். பேருந்து பதினாலு இல்லை, இரண்டுதான் என்று தெரியவந்தால்கூடப் பரவாயில்லை. முகம் வந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் சவரிமுத்துவுக்கு வாசகர் வட்டத்தின் நினைவேந்தல் கூட்டம். கூடத்தில் இருபது பேர். நூறு என்று சொல்ல வாய் வருகிறது, இருபதுதான். அவருடைய தங்கை ஆரோக்கியமேரி முன்வரிசையில் கறுப்புச் சேலையில் இருந்தார். கோதண்டம் மைக்கில் வரவேற்புரை. நாங்கள் பக்கத்து அறையில் இருந்தோம். பிலோமினா தையலின் தலையில் மெஷினை மாட்டினார். கொண்டை இடித்தது. அவிழ்த்து மறுபடி மாட்டினார்.

ஒருமுறை ஓட்டினார். திரையைப் பார்த்தார். இன்னொருமுறை ஓட்டினார். மூன்றாவது முறை ஓட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒண்ணுமே காட்டல சார்."

"மெஷின் ரிப்பேரா?"

"நல்லாத் தேடிப் பாரும்மா" என்றாள் தையல். "ஓரத்துல எங்கியாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும். அப்படித் தொடச்சாப்புல போயிடுமா என்ன?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மடியில் கையைக் கோத்து வைத்திருந்தாள்.

"நான்தான் குடுத்துட்டேனே" என்றாள். "தெறந்தாங்களே, அந்த வாரத்துலயே."

"கோலப் போட்டிக்குல்ல போனே?"

"எனக்கு என்னிக்குங்க கோலம் வந்துச்சு? நாலு புள்ளி நேரா வைக்கத் தெரியுமா எனக்கு? அன்னிக்கி குடுத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம் குடுத்தாங்க."

பிலோமினா பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். அல்லி, தொகுதி ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை. நன்கொடை: ம. தையல்நாயகி. அதன்மேல் ஊதா முத்திரை: கழிவு.

"அஞ்சு வருஷம் யாரும் எடுக்கலைன்னா கழிச்சுடணும்னு உத்தரவு சார்." அவருடைய குரல் கேட்கவே இல்லை. "தலைப்புல வெறும் அல்லின்னு மட்டும் இருக்கு. யாருக்கு என்ன தெரியும்? பழைய மணியெல்லாம் சாக்குல கட்டி... நான் வர்றதுக்கு முன்னாடியே சார்."

நான் கேட்டேன். "ஏன் தையலு?"

"அதான் தெரியல" என்றாள். "குடுத்தது ஞாபகம் இருக்கு. என்னத்தைக் குடுத்தேன்னு இல்ல. ரொம்ப வலிச்சிருக்கும் போலருக்கு. இப்ப வலியும் இல்லாததால ஏன்னும் தெரியல."

"நான் சொல்றப்பல்லாம் நீ ஒண்ணுமே கழிக்க மாட்டியே..."

"எதைங்க கழிக்கிறது? கையில ஒண்ணு இருந்தாத்தானே, இது கூட, அது கொறைச்சல்னு சொல்ல? நீங்க சொன்னதுதான் எனக்கு அல்லி. நெலாவுக்கு வண்டி, கோழிக்கூடை, பதினாலு பஸ்ஸு. அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

கூடத்தில் கைதட்டல். ஆரோக்கியமேரியைப் பேச அழைத்திருந்தார்கள். பழைய ஒலிபெருக்கி, சுவர் இருந்தும் ஒவ்வொரு வார்த்தையும் இந்த அறைக்குள் வந்து விழுந்தது.

"எங்க அண்ணன் கல்யாணம் பண்ணிக்காத ஆளு. உங்க எல்லாருக்கும் தெரியும். நூலகத்துலேருந்து என்னமோ தலையில ஏத்திட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லல. கடைசி மூணு நாளு சின்னப்புள்ளை கொரல்ல ஒண்ணையே சொல்லிக்கிட்டிருந்துச்சு." மைக் கீச்சிட்டது. "'தையல்நாயகி, தையல்நாயகி. எங்கிருந்தாலும் உடனே டைம் ஆபீசுக்கு வரவும். உன் பொண்ணு இங்க தனியா நிக்கிறா.' இதேதான். யாருங்க அந்தத் தையல்நாயகி? உள்ளூரா இருந்தா ஒரு தடவை பாக்கணும். எங்க அண்ணன் அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டுச்சு."

கூடத்தில் யாரோ கிசுகிசுத்துச் சிரித்தார்கள்.

கூட்டத்தில் காணாமல் போனவர்களுக்கு நான் தினமும் செய்யும் அறிவிப்பு அது. கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருக்கிறது பிள்ளைக்கு. நிலாவும் இல்லை, மேகமும் இல்லை. ஸ்டூலில் ஏறி அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். நிலா எப்போது வந்தது? முதல் தடவை சொன்னபோதா, நூறாவது தடவையா? அதற்கு யாராவது நன்றாகச் சிரித்திருப்பார்கள். வைத்துக்கொண்டிருப்பேன்.

தையல் என் முழங்கையைப் பிடித்தாள். தலையில் இன்னும் மெஷின் இருந்தது.

"என்னையவாங்க கூப்பிட்டிருக்கா?"

"உன்னையத்தான்."

"நான் போனேனா?"

எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளைக் கல்லறையில் வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது வராண்டாதான். அங்கேயும் அல்லி அம்மா என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை. அப்போது தையல் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சீட்டோடு அவள் படியேறி வந்தபோது... அது ஒரு எழுத்துக்கூட அழியாமல் என்னிடம் இருக்கிறது. அவளிடம் இல்லை.

"போனியாவா?" என்றேன். "காய்கறிக் கூடையை அப்படியே நடுரோட்டுல போட்டுட்டு ஓடி வந்தே தையலு! தக்காளி உருண்டு ஓடுது. நீ குறுக்க ஓடி வர்றதைப் பாத்துட்டுத்தானே பதினாலு பஸ்ஸும் நின்னுச்சு!"

"பதினாலா?"

"நாப்பது."

வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு என்னையே பார்த்தாள். கழிக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.